கடல் தாண்டிப் போன போட்டோ

எனக்கு எழுபத்து மூன்று வயது. வளர்த்தது ஆறு பேரை. ஐந்து நான் பெற்றது, ஆறாவது என் தங்கச்சி பெற்றது. யார் கேட்டாலும் ஆறு என்றுதான் சொல்வேன். ஐந்தும் ஒன்றும் என்று பிரித்துப் பேசியவர்களுக்கு என் வீட்டில் இன்றைக்கும் காப்பி கிடையாது.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆகிறது. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

நான் சொல்ல வந்தது அந்த ஆறாவதைப் பற்றி. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் இருக்கும். எங்கள் தெருவில் செல்போன் ஒன்றே ஒன்று இருந்த காலம். விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் வழியில், ஆமத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலை. நான் வீட்டில் இருந்தபடியே வெடிப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுவேன். இதைச் சும்மா வேலை என்று நினைக்க வேண்டாம். நான் ஒட்டிய லேபிளைக் கம்பெனிக் கணக்கப்பிள்ளை நகத்தால் சுரண்டிப் பார்த்துத் தோற்றுப் போயிருக்கிறார்.

மூத்தது ஐந்தும் எட்டாவதைத் தாண்டவில்லை. எல்லாம் லேபிளுக்கும் தீப்பெட்டிக்கும் போய்விட்டன. ஆறாவது மட்டும் படிப்பை விட மாட்டேன் என்றது. அதைச் சிஸ்டர்மார் நடத்தும் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிக்கூடத்தில், ஹாஸ்டலோடு சேர்த்திருந்தோம். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள்தான். மாதாவும் மாரியும் பிள்ளைப் படிப்பு விஷயத்தில் சண்டை போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தப் பள்ளிக்கூடம் நாலு பேர் கைகொடுத்து நின்ற பள்ளிக்கூடம். பெஞ்சு ஒரு மிளகாய் வத்தல் வியாபாரி கொடுத்தது, மணி ஒரு எண்ணெய்க் கடைக்காரர் கொடுத்தது. சனிக்கிழமை தோறும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சைக்கிளில் வந்து சும்மாவே கணக்குச் சொல்லிக் கொடுப்பார். பட்டாசு முதலாளி ஒருவர் பெரிய ஹாலுக்கு எட்டு மின்விசிறி கொடுத்தார். விசிறியின் ஒவ்வொரு இறக்கையிலும் உபயம் என்று போட்டுத் தன் பேரைச் சிவப்பு பெயிண்டில் எழுதியிருந்தார். விசிறி சுற்றினால் பேர் தெரியாது. அதனால் அவர் வருகிற அன்று சிஸ்டர்மார் எட்டு விசிறியையும் நிறுத்திவிடுவார்கள். அவர் அண்ணாந்து பார்த்துச் சந்தோஷப்படுவார். நாங்கள் முந்தானையால் விசிறிக்கொள்வோம்.

எங்கள் தெருப் பெண்களுக்குக் கொடுக்கப் பொருள் இல்லை, கை இருந்தது. பள்ளிக்கூடத்தில் விசேஷம் என்றால் நாங்கள்தான் சமையல். சுண்ணாம்பு அடிப்பது, கிணற்றடி கழுவுவது எல்லாம் நாங்கள்தான்.

ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு இன்னொரு ஏற்பாடு இருந்தது. வெளிநாட்டில் ஒரு குடும்பம் இங்கே ஒரு பிள்ளையைப் பொறுப்பு எடுத்துக்கொள்ளும். சோறு, துணி, புத்தகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆறாவது ஒன்பதாம் வகுப்புக்குப் போனபோது அதற்கும் அப்படி ஒரு குடும்பம் கிடைத்தது. பெரிய சிஸ்டர் என்னைக் கூப்பிட்டுவிட்டு, “பிள்ளை இருக்கிறபடி ஒரு போட்டோ குடுங்கம்மா, அனுப்பணும்” என்றார்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். எனக்குத் தெரிந்து, முன்பின் பார்க்காதவர்களுக்குப் பெண்பிள்ளை போட்டோ அனுப்புவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். கல்யாணத்துக்கு. அதில் யாராவது இருக்கிறபடி அனுப்புவார்களா?

எதிர்வீட்டுக்காரி தன் கல்யாணச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். தையல்காரி ஜிமிக்கி கொடுத்தாள். என் மதினி இரண்டு வளையல். டீக்கடைக்காரர் சம்சாரம் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் வாங்கிய கவரிங் ஒட்டியாணத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, “இத மட்டும் விட்டுட்டா புள்ள மொட்டையாத் தெரியும்க்கா” என்றாள்.

விருதுநகரில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே சீலையில் ஒரு பங்களா வரைந்து தொங்கவிட்டிருந்தார்கள். வளைந்து ஏறும் மாடிப்படி, பக்கத்தில் தூண். அதற்கு முன்னால் சுண்ணாம்பில் செய்த நாய் ஒன்று, பிள்ளையின் இடுப்பு வரை உசரம், நாக்கைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. ஆறாவது பட்டுப்பாவாடையில், நாயின் தலையில் கை வைத்து நின்றது. ஒரு ஜமீன்தார் மகள்கூட அப்படி நின்றிருக்க மாட்டாள்.

போட்டோவைக் கவரில் போட்டு நானே ஒட்டினேன். பெரிய சிஸ்டர் பிரித்துப் பார்க்க நினைத்து, விளிம்பைத் தடவி, கத்தரிக்கோல் வைத்து நெம்பி, படம் கிழிந்துவிடுமோ என்று பயந்து, அப்படியே பெரிய கவருக்குள் போட்டு அனுப்பிவிட்டார். நான் ஒட்டினால் ஒட்டினதுதான்.

ஐப்பசி மழையில் கம்பெனி மூடியிருந்த நேரம், சிஸ்டர் ஆள் விட்டார். போனேன். மேசையில் ஒரு கடிதம் விரித்திருந்தது.

“ஏம்மா, உங்க வீட்டுல நாய் இருக்கா?”

“எங்களுக்கே படுக்க எடமில்ல சிஸ்டர்.”

“மாடிப்படி?”

“ஓலைக்கு மேல ஏறி என்ன செய்யப் போறோம்?”

சிஸ்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு கடிதத்தைத் தமிழில் சொன்னார். பிள்ளையின் வீடு எங்கள் வீட்டைவிடப் பெரிதாக இருக்கிறது, மாடிப்படி ரொம்ப அழகு, இவ்வளவு நகை போடுகிற பிள்ளைக்கு நாங்கள் செய்ய வேண்டுமா, இதைவிட இல்லாத பிள்ளை ஒன்றுக்குக் கொடுத்துவிடலாமா, தை மாதம் நேரில் வருகிறோம், பார்த்து முடிவு செய்வோம் என்று எழுதியிருந்தார்களாம். கடைசியில் நாயின் பேர் என்ன என்று கேட்டிருந்தார்கள்.

“சிஸ்டர், நீங்களே வெவரமா எழுதிப் போட்ருங்களேன்.”

“நான் எழுதினா, பள்ளிக்கூடம் பூசி மெழுகுதுன்னு நினைப்பாங்க. அவங்க வர்ற அன்னைக்கு உங்க வாயால சொல்லணும். நகை இரவல், வீடு படம். அவ்வளவுதான்.”

“எல்லார் முன்னாலயுமா?”

“எல்லார் முன்னாலயும்.”

அவ்வளவுதான் என்றார் சிஸ்டர். அவருக்கு என்ன, கழுத்தில் ஒரு சிலுவையோடு இருக்கிறவர். வாயைத் திறந்து இரவல் என்று சொல்லிவிட்டு நான் தெருவில் எப்படித் தண்ணி எடுக்கப் போவது? அதுவும் அந்த விசிறி முதலாளி முன்னால்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் யோசித்து, “அவுக வாறதுக்குள்ள ஒரு நாயப் புடிச்சுக் கட்டிருவமா?” என்றார். அவரிடம் யோசனை கேட்டது என் தப்பு.

அரையாண்டு லீவுக்கு வந்த ஆறாவதுதான் பாயில் படுத்துக்கொண்டு கேட்டது. “பெரியம்மா, அவுக வேணாம்னுட்டா நான் லேபிள் ஒட்டத்தானே வரணும்?”

“யாருடி சொன்னா?”

“யாரும் சொல்லல. பத்தாவது பரீச்சை எழுத முடியாதுல்ல. நீங்க சொல்ல மாட்டீகன்னா நான் சொல்லிருதேன் பெரியம்மா. எனக்கு வெக்கமில்ல.”

“வெக்கமில்லாதவ வாய மூடிக்கிட்டு ஒறங்கு” என்றேன்.

தை பிறந்தது. நகை கொடுத்த நாலு பேரையும் கூப்பிட்டு, இரவல் விஷயத்தை யாரும் மூச்சு விடக் கூடாது என்று மாரியம்மன் மேல் சத்தியம் வாங்கினேன். நானாக நேரம் பார்த்து, சிஸ்டர் காதோடு சொல்லி, சிஸ்டர் அவர்கள் காதோடு சொல்லட்டும் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தேன்.

அந்த நாளும் வந்தது. வெள்ளைக்கார அய்யாவும் அம்மாவும் நல்ல வயசாளிகள். அந்த அம்மா கம்பெனி இரும்புக் கேட் உசரம், அதற்கேற்ற அகலம். விசிறி முதலாளியும் வந்திருந்ததால் விசிறி நின்றுபோயிருந்தது. வெள்ளைக்கார அய்யா வேர்த்து வடிந்து, மேலே எட்டு விசிறி இருப்பதையும் ஒன்றும் ஓடாததையும் பார்த்து, சிஸ்டரிடம் ஏதோ கேட்டார். முதலாளி, தன் பேரைத்தான் கேட்கிறார் என்று நினைத்து எழுந்து கும்பிட்டார்.

பிறகு ஆறாவதைக் கூப்பிட்டார்கள். யூனிபாரம், எண்ணெய் வைத்து ரெட்டை ஜடை. காதில் ஈர்க்குச்சி, துளை தூர்ந்துவிடக் கூடாதே என்று போட்டது. அந்த அம்மா கைப்பையிலிருந்து போட்டோவை எடுத்தது. போட்டோவைப் பார்த்தது, பிள்ளையைப் பார்த்தது, ஈர்க்குச்சியைத் தொட்டுப் பார்த்தது. பொலபொலவென்று கண்ணீர் விட்டுவிட்டது.

சிஸ்டர் என் பக்கம் குனிந்து, “ஆறேழு மாசத்துல குடும்பத்துக்கு என்ன கஷ்டம் வந்ததுன்னு கேக்குறாங்க. நகையெல்லாம் போயிடுச்சா, வீடு போயிடுச்சான்னு கேக்குறாங்க” என்றார். அந்த அம்மா மூக்கைச் சிந்திவிட்டு இன்னொன்றும் கேட்டது. சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். “நாய் என்ன ஆச்சுன்னு கேக்குறாங்க.”

பேசாமல் ஆமாம் எல்லாம் போச்சு என்று சொல்லிவிட்டால் பிள்ளையும் பிழைக்கும், என் மானமும் பிழைக்கும் என்று ஒரு புத்தி வந்ததையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஆறாவது என்னையே பார்த்தது. நான், “மொதல்ல சாப்பிடச் சொல்லுங்க சிஸ்டர், சோறு ஆறுது” என்றேன்.

பந்தி போட்டோம். எங்கள் தெருப் பெண்கள் வாளியும் கரண்டியுமாக வந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். போடக் கூடாது என்று சொல்ல மறந்துவிட்டேன். வெளிநாட்டு ஆட்கள் வருகிற விசேஷத்துக்கு, இருக்கிற ஒரே நகையை எந்தப் பெண்தான் பெட்டிக்குள் வைத்துவிட்டு வருவாள்?

எதிர்வீட்டுக்காரி குனிந்து சோறு வைத்தாள். சங்கிலி அந்த அம்மா மூக்குக்கு நேராக வந்து ஆடியது. அம்மா சாப்பிடுவதை நிறுத்தியது. தையல்காரி கூட்டு வைத்தாள், ஜிமிக்கி ஆடியது. அம்மா போட்டோவை இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டது. மதினி அப்பளத்தோடு வந்தாள், அவள் கையைப் பிடித்து வளையலை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தது. கடைசியில் டீக்கடைக்காரர் சம்சாரம் சாம்பார் வாளியோடு வந்தாள். சேலைக்கு மேல் ஒட்டியாணம், வெயிலில் பளபளவென்று.

அந்த அம்மா போட்டோவில் இருந்த ஒட்டியாணத்தில் ஒரு விரலும், வாளிக்குப் பின்னால் இருந்த ஒட்டியாணத்தில் ஒரு விரலும் வைத்து என்னைப் பார்த்தது.

டீக்கடைக்காரர் சம்சாரம் மிரண்டுபோய், “நான் ஒண்ணும் சொல்லலக்கா. மாரியாத்தா சத்தியமா நான் வாயே தொறக்கல” என்றாள்.

இனி மறைக்க என்ன இருக்கிறது. எழுந்து நின்று சேலையைச் சரிசெய்துகொண்டேன். “சிஸ்டர், நான் சொல்றத ஒண்ணு விடாமச் சொல்லுங்க. சங்கிலி அவளோடது. ஜிமிக்கி இவளோடது. வளையல் எங்க மதினியோடது. ஒட்டியாணம் கவரிங். மாடிப்படி சீலை, நாய் சுண்ணாம்பு. புள்ள மட்டும் எங்களோடது. கடல் தாண்டிப் போற மொகம், நல்லபடியாப் போகட்டும்னுதான் போட்டு அனுப்புனேன். பிச்சைக்காரி மாதிரி நிக்கவச்சு அனுப்ப எனக்கு மனசு வரல. இதுக்காகப் படிப்ப நிறுத்திராதீக, தப்பு எங்களோடது. அது போட மாட்டேன்னுதான் அழுதுச்சு.”

விசிறி முதலாளி வரை எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சிஸ்டர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அந்த அம்மாவுக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு குலுங்கியது. நாய் சுண்ணாம்பு என்ற இடம் வந்ததும் பெஞ்சைத் தட்டிச் சிரித்தது. தன் வீட்டுக்காரருக்குத் தங்கள் பாஷையில் எடுத்துச் சொல்லிவிட்டு மறுபடி சிரித்தது. பிறகு ஆறாவதைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துத் தன் அப்பளத்தை அதன் இலையில் வைத்தது.

“பத்தாவது முடிச்சு, அதுக்கு மேல எதுவரைக்கும் படிக்குதோ அதுவரைக்கும் அவங்களே பாத்துக்கறாங்களாம்” என்றார் சிஸ்டர். “ஆனா ஒரு ஆசை இருக்காம். அவங்களுக்கும் அந்த மாதிரி ஒரு போட்டோ வேணுமாம்.”

அதற்கு எங்கள் பெண்களிடம் ரெண்டாவது தடவை கேட்க வேண்டியிருக்கவில்லை. சங்கிலி, ஜிமிக்கி, வளையல் எல்லாம் அந்த அம்மா மேல் ஏறின. ஜிமிக்கியை நூல் கட்டிக் காதில் தொங்கவிட்டோம். வளையல் மணிக்கட்டுக்குப் போகாமல் கட்டை விரலிலேயே நின்றுவிட்டது. ஒட்டியாணம் முன்பக்கத்துக்கு மட்டும்தான் வந்தது. பின்பக்கம் கிணற்றுக் கயிறு வைத்துக் கட்டினேன். முடிச்சு நான் போட்டது, அவிழ்க்க அரைமணி நேரம் ஆனது. அந்தப் படம் ரொம்ப நாள் பள்ளிக்கூட ஆபீஸ் சுவரில் தொங்கியது. முதலாளிக்கு என்ன தோன்றியதோ, கிளம்பும்போது அவரே போய் விசிறி சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு எங்கள் தெரு சமையல் என்று நாங்களே வைத்துக்கொண்டோம். சாம்பார் அண்டாவில் எங்கள் தெருப் பேரை வெட்டிக் கொடுக்கச் சொன்னேன். பேர் வெட்டுகிறவர் உபயம் என்று போடட்டுமா என்று கேட்டார். போடு என்றேன். அண்டா சுற்றாது, எப்போதும் வாசிக்கலாம்.

ஆறாவது இன்றைக்குச் சாத்தூரில் டீச்சர். அதன் மகள் லீவுக்கு வந்திருக்கிறாள், நாலாம் வகுப்பு. இவ்வளவு நாளும் என் தோள் வழியாக எட்டிப் பார்த்து, கொம்பு விட்டுட்டீக, புள்ளி விட்டுட்டீக என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

“இந்தா, பிடி. எழுதியாச்சு. எனக்குக் கேக்குற மாதிரி மொதல்லருந்து வாசி.”

“அம்மா போட்டோ கதைதானே அம்மாச்சி? எனக்குத் தெரியுமே.”

“தெரிஞ்சாலும் வாசி. நாய் வர்ற எடத்துல மட்டும் சிரிக்காம வாசி.”