தட்டில் வைத்துக் கொடுத்த கார்

போன கிழமை வீட்டு இரும்புக் கேட்டுக்கு பெயிண்ட் அடிக்கலாமென்று கண்டி டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குப் போயிருந்தேன். துரு தேய்க்க வோட்டர் பேப்பர் கேட்டதும், எந்த நம்பர் என்றார் கடைக்காரர். நான் பதில் சொல்வதற்குள் கையே ஒரு தாளை எடுத்துத் தடவிப் பார்த்து, இது ரொம்ப நைஸ் என்று திருப்பி வைத்துவிட்டது. அந்தக் கரகரப்பில், தகரத்தின் ஓட்டை அடைக்கிற ஈரப் புட்டியின் மணம் வந்தது. கடையில் அப்படி ஒரு மணமும் இல்லை. அது எனக்குள் கிடந்த மணம். ஒரு மொரிஸ் மைனர் காரின் மணம் என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ.

அந்தக் காரை நான் முதலில் பார்த்தபோது அதற்குள் கோழி இருந்தது. வத்தேகமையில் ஒரு ஓய்வுபெற்ற தேயிலை ஃபெக்டரி ஒஃபிசரின் வீட்டுக்குப் பின்னால், பலாமரத்தடியில், நாலு டயரும் மண்ணுக்குள் இறங்கி நின்றது. பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. விலை பேசி முடித்த பிறகும், குஞ்சு பொரிக்காமல் கார் நகராது என்று அந்த வீட்டம்மா சொல்லிவிட்டார். நானும் அண்ணாவும் காத்திருந்தோம். இப்போதெல்லாம் வாகனத்துக்கு வெயிட்டிங் லிஸ்ட் என்கிறார்களே, எங்களுடையது முட்டை வெயிட்டிங் லிஸ்ட்.

வேலைக்குச் சேர்ந்து நான் சேர்த்துவைத்த காசில் வாங்கிய கார் அது. அம்மா அந்தக் காசை வளையலாகப் பார்க்க ஆசைப்பட்டார். எனக்கோ சின்ன வயதிலிருந்தே ஒரே ஆசை, குட்ஷெட் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு முண்டியடிக்காமல், நானே ஓட்டிக்கொண்டு எங்கேயாவது போகவேண்டும். புதிய கார் எங்கள் கனவிலும் வராது. பழையதில் பழையதுதான் எட்டியது. பதிவுக்குப் போகும் நாளில் எனக்கு லீவு கிடைக்கவில்லை. காரைத் தன் பெயரில் பதிந்துகொண்டு வந்தார் அண்ணா. பெயரில் என்ன இருக்கிறது, அண்ணாதானே என்று நானும் விட்டுவிட்டேன். எங்கள் வீடுகளில் காணி, கரண்ட் பில், எல்லாம் இப்படித்தான் வீட்டு ஆண்பிள்ளை பெயரில் இருக்கும். யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை.

பிறகு கொரோனா வந்து கர்ஃபியூ போட்டார்கள். அண்ணா வேலை செய்த துணிக்கடை மூடிவிட்டது, என் ஒஃபிசும்தான். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு முற்றத்தில் கார் செங்கல் மேல் நின்றது. நாடே பயந்து கதவைப் பூட்டிக்கொண்டிருந்த காலம், சந்தோஷமாக இருந்தோம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தோம். போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் இதே காரைக் கழற்றிப் பூட்டிக் காட்டுவார். அவரிடம் இல்லாத மெஷின் கிடையாது. எங்களிடம் காரைத் தூக்க ஒரு ஜக்கும் பலாக்கட்டைகளும். அவர் சொல்வதை நான் தமிழில் சொல்வேன். அண்ணா பாதியைக் கேட்டுவிட்டு மீதியைத் தன் இஷ்டத்துக்குச் செய்வார். அப்படித்தான் செங்கல்லிலிருந்து இறக்கிய ஒருநாள் பிரேக் சுத்தமாக இல்லாமலே போய், கார் மெதுவாக உருண்டு அம்மாவின் ரோஜாச் செடியைச் சாய்த்தது.

துரு தின்ற இடங்களைச் சுரண்டி, புட்டி பூசி, வோட்டர் பேப்பரால் தேய்ப்பது என் வேலை. தேய்த்துத் தேய்த்து விரல்ரேகையே அழிந்திருக்கும். டேஷ்போர்ட்டுக்குப் பழைய கட்டிலின் தலைமாட்டுப் பலகை போனது. சீட்டுக்குள் போன தென்னந்தும்பு எங்கள் மெத்தையிலிருந்து வந்தது என்பதை அம்மா படுத்தபோதுதான் கண்டுபிடித்தார். பெயிண்ட்டுக்குப் பக்கத்துக் கராஜில் மிஞ்சிக் கிடந்த டின்களைக் கலந்தோம். பஸ் நீலமும் ஆட்டோப் பச்சையும் கொஞ்சம் வெள்ளையும் சேர்ந்து, மழைக்கு முந்திய விக்டோரியா அணைத் தண்ணீர் மாதிரி ஒரு நிறம் வந்தது. திரும்பக் கலந்தால் அந்த நிறம் வராது.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். நான் குள்ளம். சாதாரண சீட்டில் உட்கார்ந்தால் கிளச் எட்டாது. அண்ணா என்னை ஒரு கதிரையில் உட்காரவைத்து, தையல்காரர் மாதிரி முழங்காலிலிருந்து பாதம்வரை டேப்பால் அளந்தார். ட்ரைவர் சீட்டை முன்னால் தள்ளி, உயர்த்தி, அடியில் வெல்ட் பிடிக்கவைத்தார். கராஜ்காரர் எச்சரித்தார், பிறகு ஆம்பிளை யாரும் இதில் உட்கார ஏலாது என்று. அண்ணா சிரித்தார்.

“உட்காரத் தேவையில்ல. இது என் தங்கச்சி கார்.”

ரோடு திறந்ததும் தெல்தெனியா வரைக்கும் நானே ஓட்டினேன். எல்-போர்ட் தொங்க, பக்கத்தில் அண்ணா, வழியெல்லாம் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார். பின்னால் வந்த பஸ்கள் ஹோர்ன் அடித்தே என்னை வாழ்த்தின. ஒரு கடையில் நிறுத்தி பிளேன்டீ குடித்தோம். அன்றைக்கு என்னைவிடப் பணக்காரி இந்த மாவட்டத்தில் இருந்திருக்கமாட்டாள்.

வெளிநாட்டு வாகனம் வருவது நின்றுபோனதுதான் வினையாகிவிட்டது. ஓடுகிற எதற்கும் தங்க விலை. அந்த நேரத்தில்தான் தங்கச்சி ரேணுவுக்குச் சம்பந்தம் வந்தது. டவுனில் கடை வைத்திருக்கிற, எங்களைவிட வசதியான குடும்பம். (எனக்கு முன்னால் தங்கச்சிக்கா என்று கேட்பீர்கள். எனக்கு அப்போது காரே போதுமாயிருந்தது.) நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் மாமா காரைச் சுற்றிச் சுற்றி வந்து, பொனட்டைத் தட்டிப் பார்த்தார். ரசிக்கிறார் என்று நினைத்து, புட்டிக் கதையெல்லாம் நானே அவருக்கு விளக்கினேன். என் மடத்தனத்தை என்ன சொல்ல.

கல்யாணத்தன்று ரேணுவை மண்டபத்துக்குக் கூட்டிப்போனது நான்தான். காரில் மல்லிகைச் சரம், எனக்குக் காஞ்சிபுரம் சேலை, சேலைக்கடியில் வெறுங்கால், கிளச்சுக்காக. இறங்கியதும் காரைத் தள்ளி நிறுத்தவேண்டும் என்று அண்ணா சாவியை வாங்கிக்கொண்டார்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற சீர்த்தட்டைப் பெண்ணின் அக்காதான் ஏந்திக்கொண்டு போகவேண்டும். சிவப்புப் பட்டுத்துணி மூடிய தட்டு. அம்மா என் கையில் தந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. மேளம் கொட்ட, ஃபோட்டோக்காரர் சிரிக்கச் சொல்ல, சிரித்தபடி நடந்துபோய் நீட்டினேன். மாப்பிள்ளையின் மாமா துணியை விலக்கினார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், சங்கிலி, நடுவில் குங்குமம் வைத்த என் சாவி.

அந்தப் படம் இப்போதும் ரேணுவின் அல்பத்தில் இருக்கிறது. அதில் நான் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ரேணு தலை குனிந்திருக்கிறாள். மணப்பெண் வெட்கம் என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். அவளுக்கு ஒரு மாதமாகவே தெரியும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர.

மண்டபத்தில் கைதட்டினார்கள். அண்ணனுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று எனக்குப் பின்னால் ஒருவர் சொன்னார். புறப்படும்போது மாப்பிள்ளையால் ட்ரைவர் சீட்டில் உட்கார முடியவில்லை. முழங்கால் ஸ்டீரிங்கில் இடித்தது. எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் அவரோடு வந்த ஒரு குள்ளமான இளைஞன் ஓட்டிக்கொண்டு போனான். அடுத்த கிழமையே வெல்டை வெட்டி சீட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

நான் அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. வாழைமரம் அவிழ்த்துக்கொண்டிருந்த அண்ணாவிடம் போய், ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று மட்டும் கேட்டேன்.

“கேட்டா நீ தர மாட்ட புள்ள. அதான் கேக்கல.”

பணமில்லை, சம்பந்தம் முறிந்துவிடும் என்று என்னிடம் வந்து அழுதிருந்தால் கொடுத்திருப்பேன். கோபத்தோடு கொடுத்திருப்பேன், ஆனால் கொடுத்திருப்பேன். அது என் அண்ணாவுக்குத் தெரியாது என்பதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. என் கால் அளவு தெரிந்தவருக்கு என்னைத் தெரியவில்லை.

பெட்ரோல் வரிசைக் காலத்தில் அவர்கள் காரை யாருக்கோ விற்றுவிட்டார்கள். ரேணு ஏதோ பேச்சுக்கு நடுவில் சொன்னாள், நானும் சரி என்றேன். கார் போனதில் எனக்கு இப்போது பெரிய வருத்தமில்லை.

அண்ணாவும் நானும் இன்னும் அதே வீட்டில்தான். அவர் இப்போது என்னைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை. கடையில் நின்று போன் எடுத்து, பருப்பு எடுக்கட்டுமா என்று கேட்பார். டிவி சேனலை மாற்றட்டுமா என்பார். நான் “ம்” என்பேன். கர்ஃபியூ நாட்களில் காருக்கடியில் மல்லாந்து கிடந்தபடி, கையை மட்டும் வெளியே நீட்டுவார். என்ன வேண்டுமென்று அவர் சொல்லமாட்டார், நானும் கேட்கமாட்டேன். சரியான ஸ்பேனரை அந்தக் கையில் வைப்பேன்.