மொட்டைமாடியில் அளந்த தூரம்

போன கிழமை கொத்துரொட்டிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். கொண்டுவந்தவர் வெள்ளவத்தைக்குள் எங்கோ சுற்றிவிட்டு, "லொகேஷனை அனுப்புங்கோ அண்ணை" என்றார். விரலால் ஒரு தட்டு; நான் இருக்கிற இடம் அவருக்குப் போய்விட்டது. சண்டைக் காலத்தில் இதே காரியத்துக்கு நான் நடுங்கிய நடுக்கம் கொஞ்சமா நஞ்சமா?

அப்போது எனக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு நில அளவையாளரிடம் வேலை. அரைப் பேர்ச் காணிக்கு அண்ணனும் தம்பியும் ஆயுள் முழுக்க வழக்காடுகிற இடம் அது. எல்லை போட அளவைச் சங்கிலிதான் சரி. ஆனாலும் முதலாளி ஆசைப்பட்டு ஒரு ஜிபிஎஸ் கருவி வாங்கினார். செங்கல் அளவு, புது றப்பர் மணம். ஒருகொடவத்தைக் களஞ்சியங்களை வரைபடத்தில் குறிக்க அதை என்னிடம் தந்தார். காலையில் நேரே களத்துக்குப் போவதால் கருவி என் வீட்டிலேயே இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் காலத்தில் அமெரிக்கன் செய்மதிச் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து விடுவான். ஒரே இடத்தில் நின்றாலும் ஐம்பது, அறுபது மீட்டர் தள்ளிக் காட்டும். வெள்ளவத்தை ரயில் பாதையோரம் நின்ற என்னை ஒருநாள் கடலுக்குள் நிற்பதாகச் சொன்னது.

நானும் அம்மாவும் தலைநகரில், வெள்ளவத்தை மாடியொன்றில் வாடகைக்கு இருந்தோம். ஊர் வீடு யாழ்ப்பாணத்தில், உயர் பாதுகாப்பு வலயத்துக்குள், இராணுவத்தின் கையில். எட்டிப் பார்க்கவும் வழியில்லை. பழைய வரைபடத்திலிருந்து வீட்டின் அகலாங்கு, நெட்டாங்கு எண்களைக் கணித்துக் கருவியில் போட்டு வைத்தேன். புத்தி கெட்ட வேலைதான்; அளவைக்காரனுக்கு அப்படித்தான் புத்தி கெடும். பின்னேரம் காய்ந்த உடுப்பு எடுக்க அம்மா மொட்டைமாடிக்கு வருவார்.

"எவ்வளவு தூரம் தம்பி?"

முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். மறுநாள் பார்த்தால் அறுபது மீட்டர் குறைந்திருக்கும்.

"இண்டைக்கு வீடு கொஞ்சம் கிட்ட வந்திருக்கு" என்பார். அது பிழைக் கணக்கு என்று நான் விளக்கப் போகவில்லை. அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கென்ன விசரா?

ஒருநாள் ஒருகொடவத்தைச் சோதனைச்சாவடியில் வரிசை. எனக்கு முன்னால் நின்றவரின் கமராவை ஆமிக்காரர் வாங்கித் துருவிக்கொண்டிருந்தார்கள். என் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம். கருவிக்குள் அவர்களுடைய முகாமின் நடுவில் ஒரு புள்ளி. பைக்குள் குனிந்து வீட்டை அழித்தேன். அழிக்கவா என்று அது திருப்பிக் கேட்டது. ஓம் என்று அழுத்தினேன். என் முறை வந்தபோது சிப்பாய் முதலாளி தந்த வேலைக் கடிதத்தை மட்டும் பார்த்துவிட்டு, "ஹரி, யன்ன மல்லி" என்று சிங்களத்தில் தம்பி முறை சொல்லிப் போகவிட்டான். கருவியைத் தொடக்கூட இல்லை.

மறுபடி போட்டு வைக்கத் துணிவு வரவில்லை. அம்மாவிடம் சொல்லவும் இல்லை. கருவியைக் கையில் பிடித்தபடி வாய்க்கு வந்த தூரத்தைச் சொன்னேன், நாளுக்கு நாள் கொஞ்சம் குறைத்து.

ஒரு மாதம் போயிருக்கும். சேலையை மடித்தபடி அம்மா சொன்னார்: "நீ பொத்தானை அமத்தாமல்தான் சொல்லுறாய். எனக்குத் தெரியும். எண்டாலும் சொல்லு."

சொன்னேன். கருவியை முதலாளியிடம் திருப்பிக் கொடுத்த பிறகும் சொன்னேன்.

சண்டை முடிந்து பல வருடம் கழித்து வலயத்தைத் திறந்தார்கள். வீடில்லை, கிணறில்லை, வீட்டுக்குப் போகும் ஒழுங்கை எதுவென்றும் தெரியவில்லை, எல்லாம் பற்றை. அந்த எண்கள் எனக்கு மனப்பாடம். கைப்பேசியில் போட்டுக்கொண்டு பற்றைக்குள் நடந்தேன். தூரம் பூச்சியம் என்று காட்டிய இடத்தில் நின்று, "வந்திட்டுதம்மா" என்று வாய்விட்டுச் சொன்னேன். அம்மா செத்து அப்போது ஆறு வருடம்.