பீலி வரைக்கும் போய் வந்தேன்

பள்ளி இடைவேளையில் போன் வந்தது. பார்வதியக்காவின் மகன் குமார். “சேர், அம்மாவக் குளவி கொட்டிருச்சு. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.” எங்கள் இயக்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நாற்காலி போதுமா என்று அக்கா அன்று காலைதான் என்னிடம் கேட்டிருந்தார். அவரை அறிந்தவர்களே, இதை எழுதும்போதும் என்னால் நம்ப முடியவில்லை.

அப்புத்தளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அகிம்சையைப் பரப்பும் உலக மனிதநேய இயக்கம் எங்கள் மலைகளில் வேர்விட்டது அவரால்தான். இயக்கத்தின் வெளிநாட்டவர் இருவர் முதன்முதலாக வந்து பேசியபோது கேட்க வந்தவர்கள் நாலே பேர். நான் மொழிபெயர்க்கப் போயிருந்தேன். பேச்சு முடிந்ததும் அக்கா எழுந்தார்.

“அடிக்காதீங்கன்னு சொல்றது லேசுங்க. கோவம் வந்தா கைய எங்க வச்சுக்கிறது?”

நான் அதை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அவரே பதிலும் சொன்னார். “எங்க லயத்துல நான் ஒண்ணு சொல்லுவேன். பீலி வரைக்கும் போயி தண்ணி குடிச்சிட்டு வாங்க. அப்புறமும் அடிக்கணும்னா அடிங்க.”

தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே பாறையிலிருந்து தண்ணீர் விழும் இடம்தான் பீலி. படிகளில் இறங்கி ஏறப் பத்து நிமிடமாகும்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஒருமுறை, இயக்கத்துக்கு யார் தலைவர் என்ற தகராறில் பெரகல ஊர்க் கடைக்காரர் ஒருவர் மீது கை ஓங்கினேன். “சேர், பீலி” என்றார் அக்கா. அத்தனை பேர் பார்க்க, வாத்தியாரான நான் படியிறங்கினேன். திரும்பி வந்தால் அந்தக் கடைக்காரரே எனக்கு நாற்காலி பிடித்து வைத்திருந்தார். வெட்கமாகப் போய்விட்டது.

அதன்பின் இயக்கம் தோட்டம் தோட்டமாகப் பரவிப் பதுளை வரை போனது. வந்த இருவரும் அக்காவின் வழக்கத்தைத் தங்களோடு எடுத்துப் போனார்கள். கடல் தாண்டி வந்த கடிதங்களில் “பீலிக்குப் போய் வந்தோம்” என்றிருந்தது. வாசித்துக் காட்டினேன்.

“அவங்க ஊர்ல பீலி இருக்கா சேர்?”

“குழாய் இருக்கும் அக்கா.”

“அது போதும்” என்று சிரித்தார்.

அக்கா கடைசியாகக் கொழுந்து பறித்த மலையில் குளவிக்கூடு இருப்பதைப் பெண்கள் முதல் நாளே சொல்லியிருக்கிறார்கள். அப்படியும் அவர்களை அங்கேயே அனுப்பியவர், வேலையை மேற்பார்க்கும் கங்காணி. மரண வீட்டு வாசலில் அவரைக் கண்டதும் எனக்குக் கண்மண் தெரியவில்லை. சட்டையைப் பிடித்துவிட்டேன். என் கை இறங்கியிருந்தால் பின்னால் நின்ற அத்தனை பேர் கையும் இறங்கியிருக்கும். குமார் “சேர்” என்றான். சட்டையை விட்டுவிட்டுப் பீலிக்குப் படியிறங்கினேன்.

அக்கா இல்லாத பீலியில் நின்று அழுதேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. கங்காணி.

“கூடு இருக்குன்னு எனக்குத் தெரியும் சேர். மேல ஆபீஸ்ல இருந்து சொன்னாங்க, அனுப்பிட்டேன். விசாரணையில யாரு கேட்டாலும் இதச் சொல்லிருவேன்.”

“மொதல்ல குமார்கிட்ட சொல்லுங்க” என்றேன்.

என் கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்கும் என்று அக்காவும் ஒருநாளும் சொன்னதில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் படிகள்தான். அன்று நானும் கங்காணியும் சேர்ந்தே அவற்றில் ஏறினோம். மேலே குமார் காத்து நின்றான்.