பந்திக்கு வாங்கிய குக்கர்

நகரியில் கைத்தறி நெய்யும் முனிரத்தினத்துக்கு முன்பற்கள் இரண்டும் தறியில் போயின. வேகமாக இழுத்தபோது, ஊடுநூலைக் கொண்டு ஓடும் நாடா தடம் மாறிப் பறந்து வந்து வாயில் அடித்தது. பேச்சில் காற்று கலந்ததை அவர் பெரிதாக நினைக்கவில்லை. பன்றி விலாவைக் கடித்து இழுக்க முடியவில்லையே என்பதுதான் குறை.

மனைவி அம்சவேணி அரைநாள் விறகெரித்து வேகவைத்தும் கறி மசியவில்லை.

"செருப்புகூட இதுக்குள்ள வெந்திருக்கும்" என்றார்.

"அப்ப அத்தயே துன்னு."

எல்லை பிரித்ததில் திருத்தணி மெட்ராஸ் பக்கம் போய், நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்ட வருஷம் அது. மாற்றலாகி வந்த ஒரு குமாஸ்தாவின் மனைவி வெங்கடம்மா பக்கத்து வீட்டில் குடியிருந்தாள். நெல்லூர்க்காரி. மெட்ராஸிலிருந்து அவள் தம்பி வாங்கி அனுப்பிய பிரஷர் குக்கரைத் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது.

அடுத்தவர் பாத்திரம், எதற்கு என்று சொல்லாமல் வாங்கக்கூடாது. தப்பாகப் புரிந்துகொள்ளக்கூடாதே என்று அம்சவேணி தெலுங்கிலேயே கேட்டாள்: "அக்கா, பந்தி கூரக்கி மீ குக்கர் இஸ்தாரா?" தெலுங்கில் பந்தி என்றால் பன்றி, கூர என்றால் கறி.

வெங்கடம்மா உடனே எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டும் வேறெதையோ எதிர்பார்ப்பவள்போல வாசலிலேயே நின்றாள்.

பன்றிக்கறி வீட்டு அடுப்பில் ஏறுவதில்லை. தோட்டத்தில் கரியடுப்பு மூட்டி, விலாத்துண்டுகளை மஞ்சள், உப்பு, இஞ்சி, பூண்டோடு குக்கரில் வைத்தாள். விசில் வந்ததும் தணலைக் குறைத்தாள். ஆவி தானாக அடங்கிய பிறகு துண்டுகளை எடுத்து, புளிக்கரைசலும் வெல்லமும் மிளகாய் விழுதும் பூசி, கம்பி வலைமேல் வைத்து ஓரம் கருகச் சுட்டாள். முனிரத்தினம் உதட்டால் இழுத்தார். எலும்பு தனியாக வந்தது.

"தானா கழண்டுக்கினு வருதுடி!" என்றார். அப்புறம் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

மறுநாள் காலை சாம்பல் போட்டுக் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வெங்கடம்மா தன் அரைகுறைத் தமிழில் கேட்டாள்: "பந்தில எத்தன பேரு உக்காந்தாங்க?"

அம்சவேணியின் கை நின்றுவிட்டது. இவள் தெலுங்கில் சொன்ன பந்தி, தமிழ்க்காரி வாயிலிருந்து வந்ததால் அவள் காதில் தமிழாக விழுந்திருக்கிறது. பன்றி, விருந்துப் பந்தியாகிவிட்டது! பன்றியைத் தொடாத வீடாக இருந்தால்? தம்பி ஆசையாக வாங்கிக் கொடுத்த புதுப் பாத்திரம். இனி அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"நல்லா கழுவிக் குடுத்துடு. தெரியவா போவுது" என்றார் முனிரத்தினம்.

"நீ துன்ன வாயோட சும்மா இரு."

குக்கரோடு போய் நின்றாள்.

"அக்கா, அது உக்கார்ற பந்தி இல்ல. ஓடற பந்தி."

வெங்கடம்மாவுக்குப் புரியவில்லை. வேறு வழியில்லாமல் அம்சவேணி மூக்கால் உறுமிக் காட்டினாள்.

வெங்கடம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "பந்தியா! அய்யோ தேவுடா. பக்கத்து வீட்டுல விருந்து, குக்கர் மட்டும் வாங்கிட்டுப் போனாங்க, என்னைக் கூப்பிடலன்னு ராத்திரி அழுதேன் அம்மா! இந்த அரவவாளு, தமிழாளுங்க, அப்படித்தான்னு எங்க வீட்டுக்காரரு வேற சொன்னாரு."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்சவேணி குக்கரை அவளிடம் நீட்டினாள்.

"நீங்க அது துன்ன மாட்டீங்களே அக்கா?"

"மேமு தின்னமாட்டோம். குக்கர் தின்னா கழுவிக்கலாம்." மூடியைத் திறந்து ரப்பர் வளையத்தை முகர்ந்தவள் முகத்தைச் சுளித்தாள். "இதி மட்டும் புளி போட்டு இங்கோசாரி, இன்னொரு தடவ, கழுவு. வெயில்ல போடு."

அம்சவேணி வளையத்தை வாங்கிக்கொண்டு புறப்பட்டாள். வாசலில் திரும்பினாள்.

"ஞாயித்துக்கெழம எங்க வூட்ல கோழி. ரெண்டு பேரும் வரணும்."

"பந்தியா?"

"பந்திதான் அக்கா. உக்கார்றது."