ஒரே கம்பளிக்குள் இரண்டு ஊர்

ஐம்பதுகளின் கடைசி அது. ஆந்திரா தனி மாநிலமாகி, எந்த ஊர் இங்கே, எந்த ஊர் மெட்ராஸுக்கு என்று எங்கள் சித்தூர் ஜில்லா முழுக்க ஒரே பேச்சு. நான் நகரியில் தறி நெய்கிற தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. திருப்பதியில் கல்லூரியில் சேர்ந்த புதிது.

எங்கள் ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறப் போகும் கூட்டம் ஒன்று இருந்தது. காட்டுக்குள் ஓர் அருவி, பாறையைப் பிடித்து ஏறினால் தண்ணீர் விழும் இடத்துக்கே போய்விடலாம் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நானும் வருகிறேன் என்று போய் நின்றேன். கூட்டத்தை நடத்தும் சீனியர், உங்கள் ஊர்க்காரர்கள்தான் மெட்ராஸோடு போகவேண்டும் என்கிறார்களே, எங்கள் மலை உனக்கு எதற்கு என்று தெலுங்கில் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுருக்கென்றது. ஆனாலும் ஆசை விடவில்லை. அவர்கள் கிளம்பியதும் பின்னாலேயே நடந்தேன். யாரும் விரட்டவில்லை, பேசவும் இல்லை.

காடு என்றால் அப்படி ஒரு காடு! தலைக்கு மேல் செக்கச்செவேலென்று பாறை, காலடியில் ஓடை, தூரத்தில் அருவியின் இரைச்சல். மனசு துள்ளியது. அவர்கள் ஓர் இடத்தில் உட்கார்ந்து உப்புமா கிளற அடுப்பு மூட்டினார்கள். நான் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தேன்.

அடுப்புப் புகை நேராக மேலே போயிருக்கிறது. பாறை இடுக்கில் மலைத்தேனீக்கள் அடையடையாகத் தொங்கியதை யாரும் பார்க்கவில்லை. ‘கும்’மென்று ஒரு சத்தம். வானமே இருண்டு இறங்குவது போல் வந்தன. அலறிக்கொண்டு மூலைக்கொருவராக ஓடினார்கள். எனக்கு எந்தப் பக்கம் ஓடுவதென்றே தெரியவில்லை. காதில் ஒன்று, கழுத்தில் ஒன்று, நெருப்பு வைத்தது போல் இருந்தது. அப்போது ஒரு கை என்னைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளியது. அவர்கள் உட்கார விரித்திருந்த கம்பளி மேலே வந்து விழுந்தது.

“மூஞ்ச மூடிக்கினு குந்து. அசைஞ்சா கொட்டும்.”

சுத்தமான எங்கள் பக்கத்துத் தமிழ்! திரும்பிப் பார்த்தால், அதே கம்பளிக்குள் அந்த சீனியர். கண் ஒன்று வீங்கி மூடியிருந்தது. நீங்கள் தமிழா என்று கேட்டேன்.

“எங்கம்மாக்கு திருத்தணி. வூட்ல அம்மாகூட இதான் பேச்சு.” கம்பளியின் ஓரத்தை இழுத்துச் செருகினார். “அந்த ஊரு மெட்ராஸுக்குப் போவுதாம். உன் நகரி இங்கியே இருக்குமாம். நான் எந்த மலைக்குப் போறது, சொல்லு.”

“மொதல்ல இந்த மலைய விட்டு உசுரோட எறங்கலாம்ணா” என்றேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கம்பளிக்குள் இருவரும் மூச்சு முட்டச் சிரித்தோம்.

தேனீக்கள் அடங்கியதும் சிதறிப் போனவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். திரும்பிவிடலாம் என்றார்கள் சிலர். அவர் கேட்கவில்லை. வீங்கிய முகங்களோடு எல்லோரும் அருவிக்கு ஏறினோம். வழுக்குப் பாறையில் அவர் எனக்குக் கை கொடுத்தார்; அடுத்த பாறையில் நான் அவருக்கு. கொட்டிய இடமெல்லாம் குளிர, அருவிக்குக் கீழே நின்று தொண்டை கட்டும் வரை கத்தினேன்.

அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இன்றைக்கும் எந்த மலைப்பாதையிலாவது கூட்டத்தை விட்டுத் தள்ளி ஒருவர் தனியாக வருவதைப் பார்த்தால், என் கால்கள் தாமாகவே மெதுவாகிவிடுகின்றன.