ஸ்கேன் எடுத்தால் உறைந்த ரத்தம் கரையுமா?

செம்பட்டிக்கு வேன் ஓட்டும் என் கணவருக்கு இடது கால் திடீரென வீங்கியது. டாக்டர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்து, காலில் ரத்தம் உறைந்திருப்பதாகச் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இவரோ செல்போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். நுண்ணிய துளிகளை ரத்தத்தில் செலுத்தி, அல்ட்ராசவுண்ட் அலையால் அதிரவைத்து, உறைந்த ரத்தத்தை உடைக்கிறார்களாம். அது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது என்று கடைசியில் சொன்னதை இவர் கேட்கவேயில்லை.

"எனக்கும் அதே அல்ட்ராசவுண்ட்தான வச்சாங்க? அதுலயே உடைஞ்சிருக்கும். மாத்திரை எதுக்கு?" என்றவர் மாத்திரையைத் தொடவேயில்லை.

"டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்று நான் தினமும் கெஞ்சினேன்.

"ஒனக்கு என்ன தெரியும்?" என்று என் வாயை அடைத்தார்.

நான்காம் நாள் காலை, குளித்துவிட்டு வந்தவர் மூச்சுவிட முடியாமல் சரிந்து உட்கார்ந்துவிட்டார். பதறிப்போய் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உறைந்த ரத்தத்தில் ஒரு துணுக்கு நுரையீரலுக்குப் போயிருந்தது.

"நாங்க எடுத்த ஸ்கேன் பாக்குறதுக்குத்தாம்மா, கரைக்கிறதுக்கு இல்ல" என்றார் டாக்டர். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

ஒரு வாரம் ஐ.சி.யு.வில் கிடந்து பிழைத்து வந்தார். இப்போதெல்லாம் அவர் மாத்திரையை விழுங்கும்வரை எதிரிலேயே நிற்கிறேன். டாக்டரிடம் போனால், செய்தது பரிசோதனையா, வைத்தியமா என்று நானே கேட்டுவிடுகிறேன். இவருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் போகட்டும்.