தாம்பாளத்தில் வந்த வைஃபை

எங்கள் வீட்டு வைஃபை பெட்டிக்கு நெற்றியில் குங்குமப் பொட்டு உண்டு. புது வீடு குடிபோன அன்று என் அண்ணன் அதை வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பட்டுப்புடவையோடு தாம்பாளத்தில் வைத்துப் பிறந்த வீட்டுச் சீராகக் கொண்டுவந்தார். அவர் கண்ணமங்கலத்தில் கேபிள் டிவி நடத்துகிறவர். கேபிளோடு இன்டர்நெட்டும் கொடுக்க ஆரம்பித்திருந்த நேரம் அது. "என் தங்கச்சி வூட்டுக்கு ஆயுசுக்கும் ஃப்ரீ" என்று என் மாமியார் வீட்டு ஆட்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார். மாமியார் அந்தப் பெட்டிக்குப் பொட்டு வைத்துக் கூடத்து ஷெல்ஃபில் சாமி படத்துக்குப் பக்கத்தில் உட்கார்த்தினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் குமட்டுகிறது.

எங்கள் வீடு சந்தவாசல் தாண்டி, மலை அடிவாரத்தில். கொல்லைக் கதவைத் திறந்தால் கரும்பு, கரும்பு முடிகிற இடத்தில் ஜவ்வாது மலை. எனக்கு வேலை ஒரு மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியில். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் பில்களைப் படித்து, எது சரி எது டூப் என்று குறிப்பு எழுதுவது. ஆபீஸ் சென்னையில் இருக்கிறது. மகள் பிறந்த பிறகு வீட்டிலிருந்தே செய்ய அனுமதி வாங்கியிருந்தேன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை லைன் அறுபடக் கூடாது என்பது மட்டும்தான் அவர்கள் போட்ட நிபந்தனை.

அண்ணன் பெட்டிக்கு அந்த ஒன்றைத் தவிர எல்லாம் தெரியும். பச்சையாக எரியும், சிவப்பாக எரியும், கண் சிமிட்டும். பில்லைத் திறந்தால் பாதிப் பக்கம் வந்து நிற்கும். நோயாளியின் பெயர் தெரியும், நோய் தெரியாது. மீட்டிங்கில் மேனேஜர் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார், கால் மணி நேரம் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திரும்ப வரும்போது எல்லோரும் என் பதிலுக்காகக் காத்திருப்பார்கள். கேள்வி என்னவென்று யாரிடம் கேட்பது?

அதைவிட என்னை அரித்தது மாமியாரின் பேச்சு. அவர் மதியம் டிவியில் சீரியல் பார்ப்பதும் இதே வைஃபையில்தான். தண்ணீர் மோட்டார் கெட்டால் அவருக்கு அது மோட்டார். கிரைண்டர் கெட்டால் கிரைண்டர். நெட் நின்றால் மட்டும் அது வெறும் நெட் இல்லை.

"ஏம்மா, உங்க அண்ணன் நெட்டு சுத்துது பாரு."

ஒரு நாளும் அந்த 'உங்க அண்ணன்' விட்டுப்போகாது. குரலில் கோபம் இருக்காது, ஒரு திருப்தி இருக்கும். பெண் எடுத்த இடத்தில் ஒரு சொத்தையைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தி. நான் உடனே ஓடிப்போய் பெட்டியை அணைத்துப் போட்டு, "கரண்டு ஏறி இறங்குதுங்கத்த, அதான்" என்பேன். மூன்று வருடம் இப்படி மின்சார வாரியத்தின் மேல் பழி போட்டேன்.

கணவர் அரசுப் பஸ்ஸில் கண்டக்டர். அவரிடம் வேறு கம்பெனிக்கு மாறலாமா என்று கேட்டபோது சட்டையை மாட்டிக்கொண்டே, "உங்க அண்ணன் விசயம், நீயே பாத்துக்க. நாள பின்ன என்னைய ஒண்ணும் சொல்லக்கூடாது" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போனார். நல்லவர்தான். நல்லவர்கள் நழுவும்போது வருகிற எரிச்சல் தனி.

மாறுவது என்றால் போனில் நாலு பட்டனை அழுத்தினால் முடிகிற காரியம் இல்லை. சீராக வந்ததை வேண்டாம் என்பது பிறந்த வீட்டையே வேண்டாம் என்பது. அண்ணன் கோபித்துக்கொண்டால் மகளின் காதுகுத்துக்கு யார் மடியில் அவளை உட்கார வைப்பது? தாய்மாமன் மடி இல்லாமல் எங்கள் பக்கம் காது குத்த மாட்டார்கள். அதனால் அண்ணனிடமே குறை சொல்லிப் பார்த்தேன், ஒரு தடவை இல்லை, இருபது தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வைத்திருந்தார். மழை என்பார், குரங்கு ஒயரில் தொங்குகிறது என்பார், ரோடு அகலப்படுத்துகிறார்கள் என்பார். எல்லாம் தீர்ந்த பிறகு மலையைப் பிடித்துக்கொண்டார்.

"மலை இருக்குதுல்ல, மலை? அது சிக்னல குடிச்சிடும். அதுக்கு நான் இன்னா பண்ண முடியும், சொல்லு."

கம்பத்துக்குக் கம்பம் ஒயர் இழுத்து வருகிற நெட்டை மலை எப்படிக் குடிக்கும் என்று நான் கேட்கவில்லை. மலை மேலிருந்து புளி கொண்டுவந்து எங்கள் வாசலில் எடை போடும் அக்கா ஒருத்தி உண்டு. அவளிடம் விளையாட்டாகக் கேட்டேன். "எங்க ஊர்ல படம் நல்லா வருதே" என்று போனைக் காட்டினாள். அவள் குடியிருப்பது அந்த மலையின் உச்சியில்.

வேறு வழியில்லாமல் மாடிக்கு ஏறினேன். தண்ணீர்த் தொட்டியின் பின்னால் ஒரு மூலையில் மட்டும் என் செல்போனுக்கு நல்ல சிக்னல் உண்டு. அங்கே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, போன் நெட்டில் லேப்டாப்பை இணைத்து வேலை செய்தேன். தொட்டி கசிந்து பாசி பிடித்திருந்தது. மலையிலிருந்து இறங்கிவரும் குரங்குகள் அந்த இடத்தைத்தான் கக்கூஸாக வைத்திருந்தன. தினம் காலை பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டு, அந்த நாற்றத்தின் நடுவில் உட்கார்ந்து, "குட் மார்னிங்" சொல்லி லாகின் செய்வேன். கீழே கேட்டால், "காத்தாட இருக்குதுங்கத்த" என்பேன். வெயில் நேரத்தில் போன் சூடாகி அணைந்துவிடும். கீழே இறங்கிய பிறகும் மேலில் நாற்றம் அடிக்கும். குரங்கால் பாதி, என் பொய்யால் பாதி.

பங்குனி வெயிலில் ஒரே வாரத்தில் மூன்று தடவை லைன் அறுந்தது. மேனேஜர் கூப்பிட்டார். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு தடவை ஷிஃப்ட்ல டிராப் ஆனா, வீட்டுல இருந்து வேலை கிடையாதும்மா. சென்னைக்கு வந்து ஆபீஸ்ல உக்காந்துக்கங்க" என்றார். சென்னை என்றால் எனக்கு ஹாஸ்டல், மூன்று வயது மகளுக்கு மாமியார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மா. வேலையை விடலாம் என்றால் வீடு கட்டிய கடன் என் சம்பளத்தில்தான் போகிறது.

கம்பத்தில் கட்டியிருந்த பெரிய கம்பெனி ஒன்றின் விளம்பரத் தட்டியிலிருந்து நம்பரைக் குறித்துக்கொண்டேன். மூன்று முறை அழுத்தி, மணி அடிக்கும் முன் துண்டித்தேன். ஒவ்வொரு முறையும் அந்தக் குங்குமப் பொட்டு கண்முன் வந்தது.

இதற்கு நடுவில் மகளுக்கு மொட்டையும் காதுகுத்தும் குறித்தாயிற்று. தாய்மாமனை நேரில் போய்த் தட்டு வைத்து அழைக்க வேண்டும். நாள் பார்த்ததில் வெள்ளிக்கிழமை விழுந்தது, லீவு கிடைக்கவில்லை. தட்டை ஒரு கையிலும் லேப்டாப் பையை ஒரு கையிலுமாக மகளோடு பஸ் ஏறிக் கண்ணமங்கலம் போனேன். அண்ணன் வெளியே போயிருந்தார். அண்ணி காபி கொடுத்து, வைஃபை பாஸ்வேர்டு எழுதிய சீட்டையும் கொடுத்தாள்.

ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். பில்கள் தட்டுவதற்கு முன் திறந்தன. மீட்டிங்கில் மேனேஜரின் மூக்குத்திக் கல் மின்னுவது தெரிந்தது. ஒரு மணி வரை ஒரு தடவைகூட அறுபடவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் லைன் தங்கம், கோளாறு எங்கள் வீட்டுச் சுவரிலோ ஒயரிலோ இருக்கிறது, தெரியாமல் மனதுக்குள் எவ்வளவு திட்டிவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது. மாமியாரிடம் போய்ச் சொல்ல வேண்டிய வார்த்தைகளைக்கூட அடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

"அண்ணி, இங்க இருக்கிற மாதிரியே எங்க வூட்லயும் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க அண்ணன."

அண்ணி சோறு போட்டுக்கொண்டே, ஒளிவுமறைவு இல்லாமல், "இது நம்ம லைன் இல்லமா. பெரியவ ஆன்லைன் கோச்சிங் படிக்கிறா இல்ல? நம்ம லைன நம்பி ஒக்கார முடியாதுன்னு உங்க அண்ணன்தான் வேற கம்பெனி போட்டுட்டாரு. ரெண்டு வருசம் ஆச்சே" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் இருந்த பெட்டியில், நான் மூன்று முறை அழுத்தித் துண்டித்த அந்தக் கம்பெனியின் பெயர். பொட்டு வைக்கவில்லை.

எங்கள் பக்கம் விசேஷங்களுக்கு வைத்துக்கொடுக்கிற சில புடவைகள் உண்டு. யாரும் கட்ட மாட்டார்கள், பிரிக்கவும் மாட்டார்கள், அடுத்த வீட்டு விசேஷத்துக்கு அப்படியே போகும். எனக்கு வந்தது அப்படி ஒரு புடவை. அதைத்தான் நான் மூன்று வருடம் உடுத்திக்கொண்டு ஊர் முன்னால் நின்றிருக்கிறேன்.

மாலை ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் அண்ணன் வந்தார். தட்டை வாங்கிக்கொண்டார். சுவரைக் காட்டிக் கேட்டேன். துளிகூடக் கூசவில்லை.

"பொண்ணு படிப்புமா அது."

"அப்ப என் வேலண்ணா?"

"உன்கிட்ட நான் காசா கேட்டேன்?" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் கரும்பு லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது அந்த நம்பரை அழுத்தினேன். இந்தத் தடவை துண்டிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆள் வந்து புதுப் பெட்டியை என் படுக்கையறை பீரோவின் மேல் பொருத்தினார். டிவியும் போன்களும் தானாகச் சேர்ந்துகொள்ளட்டும் என்று பழைய பெயரையும் பாஸ்வேர்டையுமே வைத்துக் கொடுத்தார். கூடத்துப் பெட்டியின் வைஃபையை மட்டும் நிறுத்திவிட்டு, "கழட்டிடட்டுமாக்கா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். விளக்கு எரியட்டும், அண்ணன் வந்தால் பார்க்க ஒன்று வேண்டுமே. இத்தனைக்குப் பிறகும் அப்படித்தான் தோன்றியது. என்னை நினைத்தே எனக்குச் சீ என்று இருந்தது.

மாமியார் வாசலில் நின்று, "யாரும்மா அந்த ஆளு?" என்றார்.

"எங்க அண்ணன்தான் அனுப்பிச்சாருங்கத்த. புது லைன் போடச் சொல்லி."

அன்று மதியம் சீரியல் நிற்காமல் ஓடியது. "தங்கமான மனுசன் உங்க அண்ணன்" என்றார் மாமியார். மூன்று வருடத்தில் முதல் தடவை. நான் மாடிக்குப் போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியைக் கழுவினேன், அவசியமே இல்லாமல்.

காதுகுத்து ஞாயிற்றுக்கிழமை. காலையில் படவேட்டுக் கோயிலில் மொட்டை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். அண்ணன் பதினோரு தட்டுச் சீர் கொண்டுவந்து இறக்கினார். மகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையில் செல்போனைத் தூக்கிப்பிடித்து, துபாயில் இருக்கும் தன் மச்சானுக்கு வீடியோவில் எல்லாவற்றையும் காட்டினார். படம் அத்தனை தெளிவு. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாமியார் சபை நடுவே பேச ஆரம்பித்தார்.

"தம்பி, ஆளு அனுப்பிச்சி புது லைன் போட்டுக் குடுத்தீங்களே, அதுல இருந்து நிக்கவே இல்லீங்க. உங்களுக்குத்தான் புண்ணியம்."

அண்ணன் என்னைப் பார்த்தார். ஒரு நொடி. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேசாமலாவது இருந்திருக்கலாம்.

"என் தங்கச்சிக்குச் செய்யாம வேற யாருக்குங்க செய்யப்போறேன்" என்றார். போனைத் திருப்பி, "கேட்டியா மச்சான்? நம்ம லைன்லதான் பேசறேன். இன்னா கிளியர் பாரு" என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் படுக்கையறைக்குள் போய்ப் பீரோ மேல் இருந்த பெட்டியின் சுவிட்சை அணைத்தேன். வந்து மறுபடி தட்டை எடுத்துக்கொண்டேன்.

துபாய் மச்சான் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார். அண்ணன் போனை ஆட்டினார், ஜன்னல் பக்கம் நீட்டினார். பிறகு ஷெல்ஃபைப் பார்த்தார். பொட்டு வைத்த பெட்டி பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாமா இது, லைட்டு எரியுதே?"

"லைட்டு மட்டும்தாண்ணா எரியும்" என்றேன். "மூணு வருசமா அப்படித்தான்."

மாமியார் பெட்டியைப் பார்த்தார், என் அறைக் கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஆசாரி குத்தினார். மகள் வீறிட்டாள். அண்ணன் போனை வைத்துவிட்டு இரண்டு கையாலும் அவளை அணைத்துக்கொண்டார்.